முதலில் எழுபவரின் உறக்கம்

தொலைக்காட்சியை ஓடவிட்டபடியே உறங்கிப்போகும் பழக்கம் தனிமனிதரின் சோம்பலாகவோ, கண்ணுக்குக் கேடு என்ற ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும் சிறு செய்தியாகவோதான் நம்மிடையே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டம் போன்ற ஒரு கிராமப்புறப் பகுதியை மனத்தில் வைத்து இப்பழக்கத்தை ஆராய்ந்தால், வீட்டின் அளவு, கூரையில் தங்கும் வெப்பம், வேலைக்குப் புறப்படும் நேரம், முதியோரின் தனிமை ஆகிய அனைத்தும் இதற்குள் பின்னிக் கிடப்பது புலப்படும். ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் தொலைக்காட்சியின் துணையோடு உறங்குபவர் ஒருவராக இருக்க, அதற்கான விலையைக் கொடுப்பவர் இன்னொருவராக இருக்கிறார் என்பதும், அந்த இன்னொருவர் பெரும்பாலும் விடியுமுன் முதல் ஆளாக எழ வேண்டிய பெண் என்பதும் இதுவரை போதிய கவனம் பெறாத உண்மைகளாகும்.

குடவோலைக் கல்வெட்டுகளால் உலகறிந்த உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்கள் இன்று இரண்டு விதமான நேரக் கணக்குகளுக்குள் வாழ்கின்றன. ஏரிப் பாசனத்தை நம்பிச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்துப் பயிரிடும் உழவுக் குடும்பங்களும், கறவை மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றும் குடும்பங்களும் கதிரவனைச் சார்ந்த முதற் கணக்கிற்குள் அடங்குகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸின் நேரமும், வாரத்திற்கு வாரம் மாறும் ஷிப்டும் இரண்டாம் கணக்கை வகுக்கின்றன. காலை ஷிப்டுக்குச் செல்லும் மகனோ மகளோ இருட்டு பிரியுமுன் சாலைக்கு வந்து நிற்க வேண்டுமெனில், அவருக்குச் சாப்பாடு கட்டித் தரும் தாய் அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். இவ்விரு கணக்குகளும் எழும் நேரத்தை இறுக்கமாக வரையறுத்துவிடுவதால், படுக்கும் நேரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடமும் உறக்கத்திலிருந்தே கழிகிறது.

இரவுக்குள் வந்த பெட்டி

தொலைக்காட்சி தமிழ்நாட்டு இரவுகளுக்குள் படிப்படியாகவே நுழைந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம் மட்டுமே இருந்தது. இரவுச் செய்திகளுக்குப் பின் நிலையமே தன் நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்டதால், பார்ப்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பெட்டி அணைந்தாக வேண்டியிருந்தது. ஊராட்சிக் கட்டடத்தில் வைக்கப்பட்ட பொதுத் தொலைக்காட்சியைக் கூடியிருந்து பார்த்தவர்கள் அது முடிந்ததும் எழுந்து வீட்டுக்குச் சென்று படுத்தார்கள். பார்க்கும் இடமும் உறங்கும் இடமும் வெவ்வேறாக இருந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியதை அடுத்துத் தனியார் அலைவரிசைகள் பெருகி, நாள் முழுவதும் ஓயாத ஒளிபரப்பு வழக்கமானபோது, நிறுத்தும் பொறுப்பு நிலையத்திடமிருந்து வீட்டுக்கு மாறியது.

அந்தப் பொறுப்பை ஏற்கும் வீடுகளின் எண்ணிக்கையைப் பன்மடங்காக்கியது 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 14 அங்குலத் திரை கொண்ட அந்தப் பெட்டி, அதுவரை பக்கத்து வீட்டு வாசலில் நின்று படம் பார்த்த குடும்பங்களுக்கும் சொந்தமாகக் கிடைத்தது. 2011 கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரிடமே தொலைக்காட்சி இருக்க, தமிழ்நாட்டில் அது 87 விழுக்காடாக இருந்தது. இத்திட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்தல் வாக்குறுதியாக இத்தகைய பொருள்களை அறிவிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கையாகாது என்று கூறியதும், அரசுப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பது பற்றி நாடெங்கும் எழுந்த விவாதமும் நன்கு அறியப்பட்டவை. ஏழைக் குடும்பத்திற்கும் செய்தியும் கதையும் பாட்டும் கிடைக்க வேண்டும் என்ற அத்திட்டத்தின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அந்தப் பெட்டி வைக்கப்பட்ட கூடமே அந்தக் குடும்பத்தின் படுக்கையறையாகவும் இருந்தது என்ற எளிய உண்மை, ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் ஆகிய இரு தரப்பின் வாதங்களிலும் இடம்பெறாமலே போயிற்று.

உறக்கத்தின் இயக்கம்

தொலைக்காட்சி உறக்கத்தை வரவழைக்கிறது என்ற நம்பிக்கையை மதிப்பிட, உறக்கம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிய வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் உறக்கத்தின் தேவையைக் கூட்டிக்கொண்டே போகிறது. இதை உறக்க அழுத்தம் என்பர். இதனோடு, ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் இயங்கும் உடலின் உள் கடிகாரம் ஒன்று, எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. இக்கடிகாரத்தின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்ததற்காகவே 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அமெரிக்க அறிவியலாளர்கள் மூவருக்கு வழங்கப்பட்டது. வெளிச்சம் குறையும்போது மூளையின் கூம்புச் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரந்து, இரவு வந்துவிட்டதென்று உடலுக்கு அறிவிக்கிறது. விழித்திரையில் உள்ள ஒருவகை ஒளியுணர் உயிரணுக்கள், குறிப்பாக நீல நிற ஒளியை உணரும்போது, இந்தச் சுரப்பைக் குறைக்கின்றன.

இந்த உண்மையிலிருந்து தொலைக்காட்சி ஒளியே முதன்மைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவது சரியாகாது. ஒளியின் செறிவு தொலைவுக்கேற்ப விரைவாகக் குறையும் என்பதால், எட்டடி தள்ளியிருக்கும் திரையைவிட முகத்தருகே பிடித்திருக்கும் கைப்பேசி இவ்வகையில் கூடுதல் கேடு செய்யக்கூடும். ஆயினும் உறங்கிய பின்னும் அணைக்கப்படாத ஒளி பொருட்படுத்தத் தக்கதே. அமெரிக்காவில் 43,722 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, அறையில் விளக்கோ தொலைக்காட்சியோ எரிய உறங்கியவர்களிடம் ஐந்து கிலோவும் அதற்கு மேலும் எடை கூடுவது மிகுதியாக இருந்ததைக் காட்டியது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. 2022-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட சிறிய பரிசோதனை ஒன்று, 100 லக்ஸ் அளவு ஒளியில் ஒரே ஓர் இரவு உறங்கியவர்களுக்குக்கூட இதயத் துடிப்பு உயர்ந்ததையும், மறுநாள் காலையில் இன்சுலினுக்கு உடல் ஈடுகொடுக்கும் திறன் குறைந்ததையும் பதிவு செய்தது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு பேசப்படும் தமிழ்நாட்டில் இக்குறிப்பை ஒதுக்கிவிடுவதற்கில்லை.

ஒளியைவிட ஆழமான சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. உறக்கம் ஒருமுறை தொடங்கிக் காலை வரை ஒரே சீராக நீடிப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சுற்று முடிந்து, நடுவே சில நொடிகள் விழிப்பு எட்டிப்பார்ப்பது எல்லோருக்கும் இயல்பானது. எந்தச் சூழலில் கண் மூடினோமோ அதே சூழலை மூளை அந்த நொடிகளில் தேடுகிறது. அது அப்படியே இருந்தால் விழிப்பு வந்ததுகூட நினைவில் தங்காது. தொலைக்காட்சிப் பேச்சு கேட்க உறங்கியவர், யாரோ அதை அணைத்துவிட்ட பிறகு இரண்டு மணிக்குப் புரண்டு படுக்கையில், ரிமோட்டைத் தடவி எடுத்து மீண்டும் போட்டால்தான் கண் மூடும் என்ற நிலைக்கு வருவது இதனால்தான். படுக்கையை உறக்கத்திற்கு மட்டுமே உரிய இடமாக மூளைக்குப் பழக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த சிகிச்சை முறை, தூக்கமின்மைக்கு மருந்தில்லாமல் தரப்படும் சிகிச்சைகளின் இன்றியமையாத பகுதியாக இன்றளவும் விளங்குகிறது.

மூன்றாவதாக, பார்ப்பதற்கென்று செலவாகும் நேரமே உறக்கத்தின் இழப்பாகிறது. அமெரிக்கர்களின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்த மத்தியாஸ் பாஸ்னர், டேவிட் டிங்கஸ் இருவரும், படுக்கைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தொலைக்காட்சியே எடுத்துக்கொள்வதாகவும், எழும் நேரத்தை வேலையும் படுக்கும் நேரத்தைத் தொலைக்காட்சியும் தீர்மானிப்பதாகவும் 2009-இல் எழுதினர். இரவுத் தொடர் முடிந்த பிறகே விளக்கணைக்கும் தமிழ் வீடுகளுக்கும் இக்கூற்று அப்படியே பொருந்தும்.

உறங்கும் செவி

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. உறக்கத்திலும் செவி திறந்தே இருப்பதால், கேட்கும் ஒலிகளை மூளை தொடர்ந்து சலித்துப் பார்க்கிறது. உறங்குபவரின் மூளை அலைகளைப் பதிவு செய்து இயன் ஆஸ்வால்டும் அவருடைய உடனாய்வாளர்களும் 1960-இல் வெளியிட்ட ஆய்வு, வேறு பெயர்களைவிடத் தம்முடைய பெயர் ஒலிக்கும்போது உறங்குபவரின் மூளை மிகுதியாக எதிர்வினை புரிவதை நிறுவியது. பொருளுள்ள பேச்சை உறக்கத்திலும் மூளை அடையாளம் காண்கிறது என்பதே இதன் கருத்து. ஆகவே மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சலும், தாய்மொழியில் அழுதும் அதட்டியும் ஒலிக்கும் தொடரின் உரையாடலும் உறங்குபவர்க்கு ஒன்றாகிவிட மாட்டா.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் படுக்கையறைக்குள் சராசரி ஒலி 30 டெசிபலையும், இடையில் எழும் தனி ஒலிகள் 45 டெசிபலையும் தாண்டாதிருப்பது நலம் என்கிறது; இயல்பான உரையாடலே 60 டெசிபலை ஒட்டியிருக்கும். கதை மெல்ல நகரும்போது கேட்பதற்காகக் கூட்டி வைத்த ஒலி, விளம்பரம் தொடங்கியதும் வீட்டையே அதிரவைப்பதை எல்லோரும் அறிவர். விளம்பரத்தின் ஒலி மிகையாக இருத்தலாகாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகளே கூறியுள்ளன. நிகழ்ச்சியின் ஒலியளவை விளம்பரம் மீறக் கூடாதென்று அமெரிக்காவில் 2010-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இந்தியாவின் அந்த 1994 விதி இரவு நேரத்திலாவது கண்டிப்புடன் அமலாக்கப்பட வேண்டும் என்று கோருவது, உறங்கும் குடும்பங்களின் சார்பில் எழுப்பத் தக்க நியாயமான கோரிக்கையாகும்.

ஒரே கூடம், ஆறாத கூரை

படுக்கையறையிலிருந்து தொலைக்காட்சியை அகற்றிவிடுங்கள் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கூறும் முதல் அறிவுரை. படுக்கையறை என்று தனியே ஒன்று இருக்கும் வீட்டை மனத்தில் வைத்து எழுந்த அறிவுரை இது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் வகுத்துள்ள குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் அது 360 சதுர அடி. பழைய தொகுப்பு வீடுகள் பலவற்றில் ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டுமே உண்டு. அங்கே இரவு ஒன்பதரை மணிக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் எடுக்கப்பட்ட இடத்திலேயே தரை துடைக்கப்பட்டுப் பாய்கள் விரிக்கப்படுகின்றன. சுவரோரம் பாட்டி படுக்க, நடுவில் பிள்ளைகள் திரையைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடக்க, சமையற்கட்டை ஒழித்துவிட்டு வரும் தாய்க்குக் கதவோரத்து இடம் எஞ்சுகிறது. பத்தரை மணிக்குச் செய்தி பார்க்கத் தொடங்கும் கணவர் பதினொன்றுக்குள் குறட்டை விட்டாலும், அணைக்கப் போனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவர் விழித்துக்கொள்வார் என்பதால் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் நான்கு மணிக்கு எழ வேண்டிய அந்தத் தாய்க்கு அந்த ஒலி எவ்வகையிலும் உறக்கத் துணையாவதில்லை.

தொலைக்காட்சி இரவில் நெடுநேரம் ஓடுவதற்கு மற்றொரு காரணம் கூரை. கூரை வேய்ந்த குடிசைகளும் ஓட்டு வீடுகளும் மறைந்து கான்கிரீட் தளம் பரவியது பாதுகாப்பிலும் மதிப்பிலும் பெரும் முன்னேற்றமே. ஆனால் பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவில் வெகுநேரம் அவ்வெப்பத்தை வீட்டுக்குள் இறக்குகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் தளம் ஆறும் வரை கண் மூட முடியாமல் கிடப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பைக் கடக்கத் தொலைக்காட்சியே எளிய வழியாகிறது. திண்ணையிலோ வாசலிலோ கட்டிலைப் போட்டுப் பேசிக் கொண்டிருந்த வழக்கத்தைச் சாலை வாகனங்களும் கொசுவும் பெருமளவு ஒழித்துவிட்டன. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் இவ்வெப்பத்திற்குச் சற்று ஆறுதல் தந்தபோதிலும், தளத்தின் சூட்டை அதனால் தணிக்க இயலவில்லை.

சூழல் உறக்கத்தை எப்படிச் சிதைக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அரியதொரு சான்று உண்டு. கௌதம் ராவ் உள்ளிட்ட ஐந்து பொருளியல் அறிஞர்கள் சென்னையில் குறைந்த வருவாயுள்ள 452 பேரைக் கொண்டு நடத்தி, 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டுக் கருவிகள் மூலம் உறக்கம் அளக்கப்பட்டது. அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் உண்மையில் உறங்கியது ஐந்தரை மணி நேரமே. இரைச்சலும் வெப்பமும் கொசுவும் நெருக்கடியும் எஞ்சிய நேரத்தைத் தின்றன. கண்மறைப்பும் காதடைப்பானும் மின்விசிறியும் மெத்தையும் ஊக்கமும் தந்தபோது உறக்கம் நாளொன்றுக்கு 27 நிமிடம் கூடிற்று. ஆனால் அக்கூடுதல் பெரிதும் படுக்கையில் அதிக நேரம் கிடந்ததால் வந்ததே தவிர, உறக்கத்தின் தரம் உயர்ந்ததால் வந்ததன்று. அவர்களுடைய வேலைத்திறனும் வருவாயும் அதனால் உயரவில்லை. மாறாக, பணியிடத்தின் அமைதியான இடத்தில் பிற்பகலில் அரை மணி நேரம் உறங்கியவர்களுடைய வேலைத்திறனும் மனநலமும் மேம்பட்டன. உறக்கத்தின் நீளத்தைக் காட்டிலும் அது குலையாமல் இருப்பதே பெரிது என்ற எண்ணத்திற்கு இம்முடிவு வலுவூட்டுகிறது. கூடத்தில் ஓடும் தொலைக்காட்சி, குலைவுகளின் பட்டியலில் நம் கையாலேயே சேர்க்கப்படும் ஒன்று; வெப்பத்தையும் கொசுவையும்போல் அல்லாமல், ஒரு பொத்தானை அழுத்தினால் அது நீங்கிவிடும்.

குரலின் தேவை

இவ்வளவும் கூறிய பின்னரும், தொலைக்காட்சியை நாடுபவரின் தேவை பொய்யானதன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பிள்ளைகள் நகரத்திற்குப் பெயர்ந்துவிட, தனியே வாழும் முதியவருக்கு இரவில் வீட்டில் கேட்கும் ஒரே மனிதக் குரல் அதுவாக இருக்கலாம். கடன், திருமணம், விளைச்சல் என்று மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுழலும்போது, வேறொருவருடைய கதை அந்தச் சுழற்சியைச் சற்று நிறுத்துகிறது. மனிதக் குரலைக் கேட்டுக்கொண்டே உறங்குவது இந்தத் தொண்டை மண்டலத்திற்குப் புதிதுமன்று. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்க, பாயும் போர்வையுமாக வந்து அமரும் குடும்பங்களின் பிள்ளைகள் முகவீணையும் மத்தளமும் ஒலிக்கும் களத்தின் ஓரத்திலேயே உறங்கிப்போவது இன்றும் காணக்கூடியதே. ஆனால் கூத்து ஆண்டில் சில இரவுகளுக்கு மட்டுமே உரியது. விடிந்ததும் ஊர் சேர்ந்தே ஓய்வெடுத்தது. ஆண்டு முழுவதும் ஒவ்வோர் இரவும் விழாவாக நீடிக்க, விடியலில் மட்டும் ஓய்வில்லாமல் போனதுதான் தொலைக்காட்சி கொண்டுவந்த மாற்றம்.

செய்யத்தக்கவை

இத்தேவையையும் கேட்டையும் ஒருசேரக் கருதினால், தொலைக்காட்சியே கூடாது என்னும் தடை பயன் தராது. வீட்டில் மறுநாள் முதலில் எழ வேண்டியவர் யாரோ அவருடைய உறக்கத்தைக் கணக்கிட்டு, பெட்டியை அணைக்கும் நேரத்தைக் குடும்பம் கூடிக் குறிப்பதே சரியான நெறி. நான்கு மணிக்கு எழும் ஒருவருக்கு ஆறரை மணி நேர உறக்கமாவது வேண்டுமெனில், ஒன்பதரை மணிக்குக் கூடம் இருண்டு அமைதியாக வேண்டும். தவறவிட்ட தொடரை மறுநாள் பகலில் பார்க்க இன்று எத்தனையோ வழிகள் உள்ளன. ஷிப்டு மாறும் வாரங்களில் இந்நேரமும் மாறலாம். யாருடைய தேவையைக் கொண்டு அது குறிக்கப்படுகிறது என்பது மட்டும் மாறக் கூடாது.

குரல் இல்லாமல் உறங்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. குறித்த நேரத்தில் தானாக அணையும் வசதி, அதாவது ஸ்லீப் டைமர், இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ளது. அதை அரை மணிக்கு வைத்து, வாரந்தோறும் ஐந்து நிமிடம் குறைத்து வந்தால் பழக்கம் மெல்லத் தளரும். ஒளியும் திடீர் ஒலி மாற்றமும் குறைந்த வானொலியைத் தாழ்ந்த ஒலியில் தலைமாட்டில் வைத்துக்கொள்வது கூடத்தில் படுத்திருக்கும் மற்றவர்களைக் காக்கும். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதத்திற்கு மேல் உறக்கம் வராமல் இருந்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை எனப்படும். அந்நிலையில் உள்ளவர்கள் தொலைக்காட்சியிலோ தாமாக வாங்கும் மாத்திரையிலோ தஞ்சம் புகாமல், உத்திரமேரூர் அரசு மருத்துவமனை போன்ற இடத்திற்குச் செல்ல வேண்டும். கவலையே காரணமெனில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பணியாளர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், இதுவரை எவரும் கேட்டறியாத ஒரு நோய்க்கூறு வெளிச்சத்திற்கு வரும்.

அரசுக்கும் ஒரு கடமை மீதமிருக்கிறது. வீடும் தொலைக்காட்சியும் மின்விசிறியும் தந்த மாநிலம், அடுத்துக் கட்டப்படும் தொகுப்பு வீடுகளில் தளத்தின் வெப்பத்தைத் தடுக்கும் வெண்பூச்சையும், கூடத்திலிருந்து பிரித்துப் படுக்க ஒரு சிறு தடுப்பையேனும் கட்டாயமாக்கலாம். கம்பெனி பஸ்ஸில் ஆட்களை அழைத்துச் செல்லும் தொழிற்சாலைகள், இரவு ஷிப்டும் காலை ஷிப்டும் அடுத்தடுத்து வராதபடி முறை வகுப்பதோடு, பிற்பகல் இடைவேளையில் சற்றுக் கண்ணயர இடமும் தரலாம். ஆனால் இவை யாவும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இன்றிரவே செய்யக்கூடியது: அணைக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார் என்று கேட்பது. இதுவரை கடைசியாக உறங்குபவரே அதை முடிவு செய்து வந்திருக்கிறார். அந்த உரிமை முதலில் எழுபவரின் கைக்கு மாற வேண்டும். உழைப்பைப் பங்கிட்டுக்கொள்ளத் தயங்கும் குடும்பங்கள்கூட இதைச் செய்ய முடியும். ஏனெனில் இதற்குப் பணமோ கூடுதல் அறையோ தேவையில்லை, அவருடைய உறக்கத்திற்கு மதிப்புண்டு என்ற ஒப்புதல் மட்டுமே தேவை.